நடு வரிசை

பணிப்பெண் ஜெசிந்தாவுக்குப் பழைய பெரிய விமானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜன்னலோரம் யாராவது அழுதால், எதுவும் கேட்காமல் கையை நீட்டி ஜன்னல் மறைப்பை இழுத்து மூடிவிட்டு நகர்ந்துவிடுவாள். இப்போது அவளை அடுத்த தலைமுறை விமானத்துக்கு மாற்றியிருந்தார்கள். வளைகுடாவுக்குப் போகும் பகல் பயணம். முகத்தில் வெயில் அடிக்க ஒருவர் அழுதுகொண்டிருந்தார். ஜெசிந்தா கையை நீட்டினாள். விரல்கள் வெறும் சுவரைத் தடவின. இதில் மறைப்பே கிடையாது.

"என்ன மேடம் தேடுறீங்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல சார்."

பின்பக்கம் போய், ஜன்னல்களை இருட்டாக்கும் பொத்தானை அழுத்தினாள். எல்லா ஜன்னல் கண்ணாடிகளும் மெல்ல நீலமாகிக் கறுத்தன.

"என்னக்கா, பட்டப்பகல்ல?" என்றாள் உடன் பணிபுரியும் நிலோஃபர்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

புதியதில் இன்ஜின் சத்தமும் குறைவு. முதலில் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு, ஜன்னலே இல்லாத நடு வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. பழையதன் இரைச்சலில் இதெல்லாம் அவள் காதில் விழுந்ததே இல்லை.

மறுபடி வெளிச்சமாக்க நிலோஃபர் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். ஜெசிந்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.