கடல் தெரியும் வீடு

கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் கடைசி வீடு ஒரு தம்பதியுடையது. அலைகள் அடியைக் குடையக் குடைய, மேலே நிலம் சரிந்துகொண்டே வந்தது. பின்வீட்டுக்காரர் வாராவாரம் டேப்போடு வந்து, விளிம்புவரை அளந்து சொல்வார்.

"போன வருஷம் பன்னிரண்டு அடி. இப்ப ஆறுதான் தம்பி. சாமான் செட்டையெல்லாம் கட்டி வைங்க."

"கூடப்பிறந்தவங்ககூட இப்படி அக்கறைப்பட மாட்டாங்க," என்று மனைவி கண்கலங்கினாள்.

மறுநாள் பின்வீட்டின் முன்சுவரைக் கொத்தனார் இடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே வேலை?" என்று கணவன் கேட்டான்.

"பால்கனி தம்பி. கொத்தனாரை எப்ப வரச் சொல்றதுன்னுதான் அளந்துட்டிருந்தேன். உங்க வீடு போயிட்டா எங்களுக்குக் கடல் நல்லாத் தெரியும்."

மனைவி நிதானமாகச் சொன்னாள்: "நல்லாத் தெரியும்ணே. உங்க பின்வீட்டுக்காரர்கூட காலையில வந்து, டேப் எங்க கிடைக்கும்னு கேட்டுட்டுப் போனார்."