சர்ச்சுக்கு ஒரு பூட்டு

"ஊர்ல திருடனே இல்லாமப் போயிட்டானா பாஸ்டர்? ராத்திரியில சர்ச் கதவைத் திறந்து போட்டுட்டுப் போய்ப் படுத்துக்கிறீங்களே!"

கமிட்டிக் கூட்டம் ஆரம்பித்ததுமே பூட்டுக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அவர்தான் கமிட்டியின் செயலாளர். கடைத்தெருவில் அவரிடம் பூட்டு வாங்காத வீடு கிடையாது. தான் வெட்டித் தரும் ஒவ்வொரு சாவியின் தலையிலும் அரத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். சொந்த வீட்டுச் சாவிகளுக்கு மட்டும் கோடு கிடையாது, சின்னதாக ஒரு சிலுவை.

"கதவு திறந்தேதான் இருக்கும்," என்றார் பாஸ்டர். தொண்டை கட்டியிருந்தது. மைக் செட் களவு போனதிலிருந்து மனிதர் கத்திக் கத்தித்தான் பிரசங்கம் செய்கிறார்.

"மைக் போச்சு. நாளைக்கு பெஞ்சும் போகும். அப்பவும் திறந்தே இருக்குமா?"

"நின்னுக்கிட்டு ஜெபம் பண்ணுவோம்."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பூட்டுக்கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

"சிரிக்காதீங்கய்யா! தினம் காலையில கடைசி பெஞ்ச்ல ரொட்டித் தூள் கிடக்கு. எவனோ வந்து படுத்துட்டுப் போறான். இது சர்ச்சா, சத்திரமா?"

"வாங்கன்னு கூப்பிட்டவர், இத்தனை மணிக்குள்ள வாங்கன்னு சொல்லலையே."

"பிரசங்கத்துக்கு நல்லாருக்கு பாஸ்டர், நடைமுறைக்கு ஒத்துவராது. என்னையே எடுத்துக்கோங்க. என் பையன் தினமும் குடிச்சுட்டு வந்தான். தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலை. ஒரே நாள்ல வீட்டுப் பூட்டை மாத்தினேன். அன்னைக்குப் போனவன்தான், அப்புறம் வாசப்படி மிதிக்கலை. வீடு நிம்மதியா இருக்கு. பூட்டுன்னா அப்படி வேலை செய்யணும்!"

வீடு நிம்மதியாக இருக்கிறதா என்பதை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். அந்த அம்மாள் அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் அவரோடு பேசுகிறாள். கழற்றிய பழைய பூட்டை எடைக்குப் போடப் போனவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தவளும் அவள்தான்.

யார் யாருக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்டார்கள். பாஸ்டரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

"தீர்மானம் உங்களோடது. ஆனா பூட்ட என் கை வராது," என்றார் பாஸ்டர். "செயலாளரே பூட்டட்டும். ஒண்ணே ஒண்ணு. பூட்டறதுக்கு முன்னாடி உள்ளே யாரும் இல்லையான்னு அவரே ஒருதடவை பார்த்துடணும்."

"அதுக்கென்ன, பார்த்துட்டாப் போச்சு!"

மறுநாள் சாயங்காலம் மழை. கடையில் இருப்பதிலேயே கனமான பூட்டை எடுத்துக்கொண்டு, குடையைக்கூட மறந்துவிட்டு, உற்சாகமாகக் கிளம்பி வந்தார் பூட்டுக்கடைக்காரர். சொன்ன சொல்லுக்காக உள்ளே எட்டிப் பார்த்தார்.

கடைசி பெஞ்சில் ஓர் ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தலையோடு கால் பாஸ்டரின் சால்வை.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! "யோவ், எழுந்திரு..." என்று அதட்ட வாயெடுத்தவர், சால்வைக்கு வெளியே பின்பக்கமாகத் தொங்கிய கையைப் பார்த்தார். விரலில் கயிறு சுற்றி ஒரு சாவி.

தொழில் புத்தி விடுமா? குனிந்து பார்த்தார்.

சாவியின் தலையில் சின்னதாக ஒரு சிலுவை.

பூட்டுக்கடைக்காரர் அதற்கு முன்னால் இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எப்போது வந்தாரோ, வாசலில் பாஸ்டர் நின்றிருந்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் பூட்டுக்கடைக்காரர்.

"மழை பிடிச்சதிலிருந்து. பகல்ல மார்க்கெட்ல மூட்டை தூக்குறான். இருட்டினதும் வந்து விழுந்துடுவான். என் வீட்டுக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான்."

"குடி?"

"பாதி விட்டிருக்கான். மீதியையும் விடத்தான் கதவு திறந்திருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, இங்கேயும் பூட்டைப் போட்டுடுவார்னு கெஞ்சினான். சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்தேன்." பாஸ்டர் கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டார். "காட்ட மாட்டேன்னு கொடுக்கலை."

பூட்டுக்கடைக்காரர் மகனை எழுப்பவில்லை. எந்த முகத்தோடு எழுப்புவது? கொண்டுவந்த பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தபடியே வீட்டுக்கு நடந்தார்.

போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பரணில் ஏறினார். பழைய பூட்டை இறக்கித் துடைத்து எண்ணெய் விட்டார். வாசல் கதவிலிருந்த புதுப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதைப் பொருத்த ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க பண்றீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா? அந்தப் பூட்டோட சாவியெல்லாம்தான் அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டீங்களே!"

கடைசி ஸ்க்ரூவை அழுத்தி முடுக்கினார். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு. சர்ச்ல, கடைசி பெஞ்ச்ல தூங்கிட்டிருக்கு. குடையை எடு, ரெண்டு பேருமாப் போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."