பிச்சிப்பூன்னு சொல்லு!

“ஏட்டி, உண்மையைச் சொல்லு. நேத்துச் சாயந்திரம் ஆத்துப்பாலத்துகிட்ட எதுக்கு நின்னே?”

ஏட்டு பலவேசம் மேசையைத் தட்டிய தட்டில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

எதிரே நின்ற சொர்ணத்துக்குத் தோளிலிருந்து முழங்கை வரை கட்டு.

“தொழிலுக்குத்தான் நின்னேன், ஏட்டையா. சுசுகி வண்டியில வந்தவன் கத்தியால கிழிச்சிட்டான். ஆளைக் காட்டச் சொன்னாலும் காட்டுதேன். பிடிச்சு உள்ள போடுங்க. விட்டா நாளைக்கு வேற எவ கழுத்தையாவது அறுத்திருவான்.”

“பொய்!”

“சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்.”

“நீ ஒண்ணும் அடிக்க வேண்டாம். நீ பூ விக்கப் போனவ. எங்க, சொல்லு.”

“பூவா? எனக்குக் கட்டவே தெரியாதே!”

“என்ன பூ வித்தே?”

சொர்ணம் யோசித்தாள். “தாழம்பூ.”

“தாழம்பூவை எவளாவது மொழம் போட்டு விப்பாளா? பிச்சிப்பூன்னு சொல்லு!”

“சரி, பிச்சிப்பூ.”

“யாரு வாங்குவா?”

“ஆம்பளையாளுதான்…”

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார்.

தொலைந்துபோன சைக்கிளுக்குப் புகார் கொடுக்க வந்து பெஞ்சில் காத்திருந்த கல்லூரி மாணவி சுப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. பட்டிமன்ற மேடை ஏறுகிறவள்போல் எழுந்தாள்.

“நிறுத்துங்க சார்! கத்திவெட்டுப் பட்டு வந்தவங்களை மிரட்டிப் பொய் சொல்ல வைக்கியளே, நியாயமா? உண்மையைச் சொல்ல அவங்களுக்கே கூசலை. எழுத உங்களுக்கு ஏன் கூசுது? அந்த ரவுடிக்கு வக்காலத்தா? அவங்க சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க. இல்லேன்னா நேரா கலெக்டர்கிட்ட போவேன்!”

“நல்லாக் கேளு தாயி!” சொர்ணத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. “வந்ததுலேருந்து எனக்குக் காதுல பூ சுத்துதாரு!”

பலவேசம் வாசலை எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஜீப்பை இன்னும் காணோம். குரலை இறக்கினார்.

“பைய பேசும்மா. ஐயா வர்றதுக்குள்ள இவளைத் தேத்திரலாம்னுதான் தொண்டை கிழியக் கத்துதேன். ‘தொழிலுக்கு நின்னேன்’னு இவ சொல்லி, அதை நான் எழுதிட்டா, சட்டப்படி இவ மேலதான் கேஸ். இவளைத்தான் உள்ள போடணும்.”

“அப்போ, கத்தியால கிழிச்சவன்?”

“‘இவ என்னைக் கூப்பிட்டா’ன்னு கோர்ட்டுல சொல்ல ஆள் வேணும்லா? அவன்தான் சாட்சி.”