மூணு டக்கு

“மூணு டக்குடா! ஒரே நாள்ல மூணு டக்கு!”

பையன்கள் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குள் நுழைந்ததுதான் தாமதம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசாத்தி விருட்டென்று எழுந்து வழி மறித்தாள்.

“என் வாத்து மூணையும் என்ன தம்பி பண்ணுனீங்க?”

டீ ஆற்றிக்கொண்டிருந்த முத்து முகம்மதின் கை அந்தரத்தில் நின்றது. கோட்டுச்சேரியில் அவர் கடை போட்டுப் பதினைந்து வருஷமாகிறது. இப்படி ஒரு வழக்கு அவர் முன்னால் வந்ததில்லை.

ராசாத்தி வாத்து மேய்க்கிறவள். சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் பட்டி போட்டு ஒரு வாரமாக அங்கேதான் இருக்கிறாள். காலையில் திறந்துவிட்ட வாத்துகளில் மூன்று மத்தியானம் காணவில்லை. வாய்க்கால் வாய்க்காலாகத் தேடி அலைந்துவிட்டு, நாக்கு உலர்ந்துபோய் இப்போதுதான் ஒரு டீ சொல்லியிருந்தாள்.

“வாத்துக்கும் எங்களுக்கும் என்னக்கா சம்பந்தம்?” என்றான் சோமசேகரன். கிரிக்கெட் டீமுக்குக் கேப்டன். காலேஜில் இங்கிலீஷ் எடுத்துப் படிக்கிறவன்.

“கால்நடை டாக்டரு வாத்துக்கு ஊசி போடுறப்ப டக்கு, டக்குன்னுதான் சொல்லுவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சோமசேகரன் சிரித்தான். அப்புறம் மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“அக்கா, இது அந்த டக்கு இல்ல. ஒரு ரன் கூட எடுக்காம அவுட்டானா அதுக்குப் பேரு டக்கு. இன்னிக்கி மேட்ச்ல எங்காளுங்க மூணு பேரு டக்கு.”

ராசாத்தி நம்பாமல் பார்த்தாள்.

“இன்னும் கேளுங்க. மண்டைக்கு நேரா பந்து வந்தா ‘டக்’னு கத்துவோம். குனின்னு அர்த்தம். பாய் கடை வாசல்ல கட்டியிருக்காரே கித்தான், அந்த மாதிரித் துணிக்கும் இங்கிலீஷ்ல டக்குதான்.”

“ஒரு வாத்தை வெச்சுக்கிட்டு இத்தனை வேலையா வாங்குறான் வெள்ளைக்காரன்?”

கடையே சிரித்தது. முத்து முகம்மதுக்கு மட்டும் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போன வருஷம் இந்தியா உலகக் கோப்பை வாங்கியதிலிருந்து ரேடியோவே கதியென்று கிடப்பவர் அவர்.

“தம்பி சொல்றது நெசந்தாம்மா. ரேடியோவுல நானே கேட்டிருக்கேன். எல்லாம் தங்கமான புள்ளைங்க. அதுங்க மேல சந்தேகப்படாதே” என்று சாட்சியும் சொன்னார்.

ராசாத்தியின் முகம் சுருங்கிப்போனது. “மன்னிச்சுக்குங்க தம்பி. படிக்காதவ, தெரியாமப் பேசிட்டேன்” என்று பழையபடி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“பரவால்லக்கா” என்று பெருந்தன்மையாகச் சொன்ன சோமசேகரன், “எட்டு டீ பாய். பன்னு வேணாம்” என்றான். பன் ஜாடியைக் காலி பண்ணாமல் போகாத கூட்டம் அது.

ராசாத்தி பெருமூச்சு விட்டாள். “வாத்து போனா போவுது பாய். யாராச்சும் புடிச்சுத் தின்னுடுவாங்களோன்னுதான் எனக்குப் பயம்.”

“ஏம்மா?”

“எலிக்கு வெச்ச மருந்து நெல்லை அந்த மூணும் கொத்திடுச்சு. தனியா ஒதுக்கி வெச்சிருந்தேன். நான் அந்தாண்ட போயிட்டு வர்றதுக்குள்ள காணோம்.”

எவனோ ஒருவன் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே கீழே வைத்தான்.

“அதைத் தின்னா என்னாகும்க்கா?” சோமசேகரனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மொதல்ல நாக்கு வறளும். அப்பறம் வேர்த்துக் கொட்டும்.”

“எனக்கு அப்பவே வறண்டுச்சுடா!” என்று விக்கெட் கீப்பர் அலறினான். அவன் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

“அதுக்கப்பறம்?”

“அதுக்கப்பறம் என்னாகும்னு சொல்ல யாரும் இருந்ததில்ல தம்பி.”

சோமசேகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “நாங்கதான்க்கா! பம்ப்செட்டுக்குப் பின்னால வெச்சு வறுத்துத் தின்னுட்டோம்!”

முத்து முகம்மதுக்குச் சாட்சி சொன்ன வாயைக் கழுவிக்கொள்ளலாம் போலிருந்தது. “அடப் பாவிகளா, இதுக்கா அவ்வளவு இங்கிலீஷு?” என்று கத்தினார். ஆனால் பிள்ளைகள் உயிராயிற்றே. “யா அல்லா” என்று ரோட்டுக்கு ஓடியவர், வந்துகொண்டிருந்த காரைக்கால் பஸ்ஸைக் குறுக்கே நின்று நிறுத்தினார்.

எட்டுப் பேரும் முண்டியடித்து ஏறினார்கள். “பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டுங்க!” என்று கண்டக்டரிடம் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சினார்கள். பஸ் நகரும்போது சோமசேகரன் ஜன்னலில் தலையை நீட்டி, “பொழச்சு வந்தா மூணுக்கு ஆறா வாங்கித் தர்றோம்க்கா!” என்று கூவினான்.

முத்து முகம்மது கடைக்குத் திரும்பினார். ராசாத்தி டீயை நிதானமாக ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த வயல்லம்மா மருந்து வெச்சிருக்காங்க? ஊர்ல மத்தவங்களுக்கும் சொல்லணும்” என்றார் பதறிப்போய்.

அவள் கடைசி வாய் டீயைக் குடித்து முடித்தாள்.

“அறுத்த வயல்ல எவன் பாய் எலி மருந்து வைப்பான்?”