ஓனர் யாரு?

"ஒரு ஆணி அடிச்சுப் பாரு, கையை முறிச்சுப் போடுதேன்! இது எங்க அப்பா எனக்குத் தந்த ஷெட்டு!" ராஜரத்தினம் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"உனக்கு மட்டுந்தான் அப்பாவாக்கும்? நான் என்ன ஆத்துல அடிச்சுட்டு வந்தவனா?" என்று தம்பி வேல்பாண்டி எகிறினான். அவன் கையில், தன் பெயர் எழுதிய பலகை.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் இந்த ஒரு ஷெட்டுக்காக, அண்ணனும் தம்பியும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள். வேறு எது போனாலும் சரி, ஷெட் மட்டும் தம்பி கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் ராஜரத்தினத்தின் ஒரே வைராக்கியம்.

இருவருக்கும் நடுவில் பிறந்த முத்துப்பேச்சி, நாலைந்து பெண்களோடு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பங்கு என்று அவள் ஒருமுறை வாயைத் திறந்ததற்கு, "பொட்டப் பிள்ளைக்கு ஏதுட்டி பங்கு? நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுல்ல!" என்று அடக்கிவிட்டார்கள். பேருக்குத்தான் கேசில் அவளையும் சேர்த்திருந்தார்கள்.

தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்து பொடிப்பொடியாகக் கொட்டுகிறது, மாற்றுங்கள் என்று அவளும் கேட்டு அலுத்துவிட்டாள். "கேசு முடியட்டும்" என்பார் அண்ணன். "கேசு முடியட்டும்" என்பான் தம்பி. அதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை!

அப்போதுதான் பைக்கில் ஒருவர் வந்து இறங்கினார். முகத்தில் மாஸ்க், கையில் அளவு டேப். யாரிடமும் பேசாமல், சுவரோரம் கிடந்த ஏணியைப் போட்டு ஏறி, கூரையை நீளமும் அகலமும் அளந்து, போனில் நாலு படமும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எம் பேரு பாண்டிச்செல்வம். நான்..."

"வாங்க சார், வாங்க!" என்று ராஜரத்தினம் பாய்ந்தார்.

"ஓனர் யாரு?"

"நான்தான்!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"ஷீட்டு பூரா நொறுங்கிக் கெடக்கே! இந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போயிட்டா லேசுல வெளிய வராது. இருவது முப்பது வருசம் கழிச்சுக்கூட கேன்சர்ல கொண்டு விட்டுரும். கீழ பொம்பளையாளுகளை வச்சு வேலை வாங்குதியளே, நல்லாருக்கா?"

ராஜரத்தினம் உள்ளே இருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தார். எங்கேயாவது மனுக் கொடுக்கப் போவதாக முத்துப்பேச்சி போன மாதம் சொன்னாளே, கொடுத்தே விட்டாளா பாவி!

"யாருக்காச்சும் சீக்கு வந்தா, சார்...?"

"இடத்துக்காரரைத்தான கேப்பாவ? அவுகதான பதில் சொல்லணும்!"

வேல்பாண்டி முந்திக்கொண்டான். "சார், இவருதான் மூத்தவரு. இடமும் இவரோடதுதான்."

"ஏலே, இப்ப பலகை மாட்ட வந்தது எவம்ல? சார், அதுல பேரைப் பாருங்க!"

வேல்பாண்டி பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜரத்தினம் வந்தவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. வேலை முடிஞ்ச பொறவு ஓனர்கிட்ட மொத்தமா வாங்கிக்கிடுதேன்."

மொத்தமாகவா? அடேயப்பா, எம்புட்டுப் பெரிய முதலை! ராஜரத்தினம் பைக்குள் விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"ஷீட்டை நனைச்சு, உடைக்காம முழுசு முழுசா இறக்கணும். கெட்டிப் பிளாஸ்டிக்குல கட்டணும், கண்ட எடத்துல கொட்டக் கூடாது. ஓனர் யாருன்னு சீக்கிரம் முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று அவர் பைக்கைக் கிளப்பினார்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். யோசனை ராஜரத்தினத்துக்குத்தான் வந்தது.

"பொம்பளைப் பிள்ளைக்கும் பங்கு உண்டுன்னு சட்டமே சொல்லுதுல்லால? பேசாம பேச்சி தலையில கட்டிருவோம்."

"அண்ணன்னா அண்ணன்தான்!" என்று வேல்பாண்டி புல்லரித்துப்போனான்.

விஷயத்தைக் கேட்ட முத்துப்பேச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நெசமாத்தானா? பொறவு பேச்சு மாற மாட்டியளே?"

"கூடப் பொறந்தவளுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்!" ராஜரத்தினம் துண்டால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒரு சொட்டுக்கூட இல்லை.

அடுத்த வாய்தாவில் ராஜி ஆயிற்று. ஷெட் முழுவதும் முத்துப்பேச்சிக்கே, தங்களுக்கு அதில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலுக்கு வந்ததும் ராஜரத்தினத்தின் குரல் மாறிவிட்டது. "ஏட்டி, இனி கேசு வந்தாலும் சரி, ஜெயிலே வந்தாலும் சரி, எல்லாம் உன் பாடு. எங்க வாசல்ல வந்து அழுதுகிட்டு நிக்கப்படாது."

முத்துப்பேச்சி, எதிரே பைக்கை நிறுத்திவிட்டு வந்த பாண்டிச்செல்வத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"முடிஞ்சுதா அக்கா? அப்ப நாளைக்கே ஆரம்பிச்சுருதேன்" என்றார் அவர்.

ராஜரத்தினம் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், இப்ப ஓனர் இவதான். உங்க ஆபீசுல எங்க பேரை எடுத்துருங்க."

"எனக்கு ஏது அண்ணாச்சி ஆபீசு? நான் கூரை மாத்துத காண்ட்ராக்டர்!"