முந்நூற்றுப் பதினெட்டு தடவை

கிடங்கு வாசலில் லாரிகளைச் சோதிக்கும் கேட் அக்கா அறைக்குள் வந்தபோது இரண்டு கைகளையும் முஷ்டியாக இறுக்கியிருந்தாள். உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. யாரையோ சபித்துக்கொண்டே வருகிறாள் என்றுதான் தோன்றியது.

மேசைக்கு அந்தப் பக்கம் கிடங்கின் முதலாளியம்மாவும் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மடிக்கணினியோடு சாஃப்ட்வேர் பெண். சுவரில் இருந்த திரையில் கிடங்கின் ஒரு நாள் வேலை முழுவதும் அம்புக்குறிகளாக ஓடியது. எல்லா அம்புகளும் ஒரு சிவப்பு வட்டத்தில் போய் முட்டி நின்றன. வட்டத்துக்குள் 'வாயில் சோதனை: 318' என்று எழுதியிருந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர். "நேத்து ஒரே நாள்ல முந்நூத்திப் பதினெட்டு தடவை சரக்கை நிறுத்தியிருக்கீங்க. நான் சொல்லலை, மெஷின் சொல்லுது."

"அத்தனை தடவை நிறுத்தியிருந்தா எனக்குத் தண்ணி குடிக்கக்கூட நேரம் இருந்திருக்காது சார்."

"மெஷின் என்ன உங்களை மாதிரி விரல் விட்டா எண்ணுது, தப்பா எண்ணுறதுக்கு?"

அவர் ஒரு தாளை எதிரே உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் தள்ளினார். "வாசல்ல சோதனையே வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

பேனாவையும் நீட்டினார். அக்கா கையை விரிக்கவில்லை.

"விரிச்சாத்தானே பேனா பிடிக்க முடியும்? முஷ்டியைக் காட்டினா பயந்துடுவோமா?"

"போட மாட்டேன் சார். பதினோரு வருஷம் வெயில்ல நின்ன காலு இது. ஒரு சிவப்பு வட்டத்தைக் காட்டினா நகர்ந்துடாது."

மின்விசிறியின் காற்றில் அந்தத் தாளின் ஓரம் எழுந்து எழுந்து அடங்கியது. முதலாளியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாஃப்ட்வேர் பெண் தொண்டையைச் செருமினாள். "மேடம், இன்னைக்குக் காலையிலதான் இதுக்குப் புது அப்டேட் வந்தது. அதுல ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா?"

"அதெல்லாம் அடுத்த மாசம் நிதானமாப் பார்த்துக்கலாம்," என்றார் மேனேஜர் அவசரமாக.

"போடும்மா," என்றார் முதலாளியம்மா.

பெண்ணின் விரல்கள் வேகமாக ஓடின. "பழசுல எதையும் ஆர்டரை வச்சு மட்டும்தான் பார்க்க முடியும் மேடம். ஒரு லாரியில நாப்பது ஆர்டர் இருந்தா, அக்கா அந்த லாரியை ஒரு தடவை நிறுத்தினது நாப்பது தடவைன்னு விழும். ஒரு பஸ்ஸை நிறுத்திட்டு, உள்ள அம்பது பேர் இருக்காங்கன்னு அம்பது தடவை நிறுத்தினதா எழுதுற மாதிரி."

"புதுசுல?"

"ஆர்டருக்குத் தனிக் கோடு, லாரிக்குத் தனிக் கோடு, ரசீதுக்குத் தனிக் கோடு. எது எதோட எங்க சேருதோ, அங்க மட்டும் ஒரு முடிச்சு. பதிவு பழையதுதான், சார் எடுத்துக் குடுத்தது. நான் ஒரு எழுத்துகூட மாத்தலை. பார்க்கிற விதம்தான் மாறியிருக்கு."

திரையில் சிவப்பு வட்டம் கலைந்தது. அது இருந்த இடத்தில் முதல் லாரியின் கோடு நீலமாக நீண்டது.

"வண்டி நம்பரைச் சத்தமா வாசிம்மா," என்றாள் அக்கா. "ஒண்ணொண்ணா. மெதுவா."

அந்தப் பெண் வாசித்தாள். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. குனிந்து தன் மடியையே பார்த்தபடி, ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை மட்டும் அசைத்தாள். ஒவ்வொரு லாரியின் கோட்டிலும் வாயிலருகே ஒரே ஒரு முடிச்சு விழுந்தது.

ஒன்பதாவது கோட்டோடு திரை நின்றது. "அவ்வளவுதான் மேடம். நேத்து மொத்தமே ஒம்போது லாரி. ஒம்போது சோதனை."

முதலாளியம்மா கையெழுத்துக்கு வைத்திருந்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "மன்னிச்சுக்கோங்கம்மா. முந்நூத்திப் பதினெட்டு எங்க, ஒம்போது எங்க!"

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மெஷினும் நம்மள மாதிரிதான், சில நேரம் உளறும். உங்க வேலை உங்களுக்கே. இதோட விட்டுடுங்க. போய் வாசலைப் பாருங்க."

எழுந்து போயிருக்கலாம். போகவிருந்த வேலை தங்கிவிட்டது. அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். சாஃப்ட்வேர் பெண்கூட மடிக்கணினியை மூடப் போனவள் மூடாமல் நிறுத்தினாள்.

பிறகு அக்கா மடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். வலது கை முழுக்க விரிந்திருந்தது. இடது கையில் நான்கு விரல்கள் மட்டும் நிமிர்ந்திருந்தன. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தது.

"நேத்து நான் சீட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பின ஒவ்வொரு லாரிக்கும், நம்பரைச் சொல்லிச் சொல்லி ஒரு விரல் மடக்கிக்கிட்டுத்தான் மேடம் உள்ள வந்தேன். இந்தப் பொண்ணு வாசிக்க வாசிக்க ஒண்ணொண்ணாப் பிரிச்சேன். சார் எடுத்துக் குடுத்த பதிவுல ஒரு வண்டி வரவே இல்லை."

கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டை நின்றது. அக்கா இடது கையைத் தூக்கி மேனேஜரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த விரல் எந்த வண்டி சார்?"