புள்ளி விழாத மூன்று பிரிண்டர்கள்

செண்பகா கணினிக்காகப் புதிய தமிழ் எழுத்துரு ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். அவளிடம் மூன்று பிரிண்டர்கள் இருந்தன. ஒரே எழுத்து ஒன்றில் தடித்தும் மற்றொன்றில் மெலிந்தும் வந்தது.

"மூணும் ஒரே மாதிரி அடிக்கலேன்னா, மூணையும் பழைய இரும்புக் கடையில போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

பிரிண்டர்கள் நடுங்கிப்போயின.

"எல்லாரும் என் செட்டிங்கையே வைங்க" என்றது பெரியது. அது எப்போதும் மையை மிச்சம் பிடித்து அடிக்கும்.

"அண்ணே, அதுல புள்ளியே விழாதே! 'தமிழ்'னு அடிச்சா 'தமிழ'ன்னு வருமே" என்றது சின்னது.

"உனக்குப் புள்ளி பெரிசா, உயிர் பெரிசா?"

"உயிர்தான்" என்றது நடுவில் இருந்தது. சின்னதும் மனசில்லாமல் மாற்றிக்கொண்டது.

செண்பகா திரும்பி வந்து மூன்றிலும் மறுபடி அச்சடித்து, மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. புள்ளிதான் எதிலும் இல்லை.

"மூணு மெஷினும் சேர்ந்தாப்பல தப்புப் பண்ணுமா? நான்தான் புள்ளியை ரொம்பச் சின்னதா வரைஞ்சிருக்கேன்" என்று புள்ளிகளையெல்லாம் பெரிதாக்கினாள். இப்போது மூன்றிலும் புள்ளி விழுந்தது. சந்தோஷமாக எழுத்துருவை வெளியிட்டாள்.

மறுவாரமே வெளியூர்களிலிருந்து போன் வந்தது. "என்னம்மா, எழுத்துக்கு மேல புள்ளி ஒவ்வொண்ணும் இட்லி மாதிரி உட்கார்ந்திருக்கு?"

சின்னது பெரியதைப் பார்த்தது.

"அவங்க பிரிண்டர்ல செட்டிங் சரியில்லை" என்றது பெரியது. "நம்ம செட்டிங்கை அனுப்பி வைக்கச் சொல்லு."